மழை நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

ஐப்பசி பிறப்பதற்குள் பள்ளியில் மழைமானி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கங்கள் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்துச் செருகினால் போதும். அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போட்டு ஸ்கேல் ஒட்டு. வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றும். தினமும் கோடுவரை ஊற்றிவிடு. வேப்பமரத்தடியில் மட்டும் வைக்காதே. மழை நின்ற பிறகும் மரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

காலை 8.30க்கு அளக்கச் சொல். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். நேற்றுச் சாயங்காலம் பெய்தது இன்றைய தேதியில் ஏறும். ஒரு வாரம் பிள்ளைகள் குழம்புவார்கள், பிறகு உனக்கே பாடம் எடுப்பார்கள். 2.5 மி.மீ. தொட்டால்தான் மழைநாள் என்பது துறைக் கணக்கு. நீ அரை மில்லிமீட்டரையும் விடாதே.

நோட்டு விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். பெய்யாத நாளில் 0. அளக்காத நாளில் 'அளக்கவில்லை'. இரண்டுக்கும் கட்டத்தைக் காலியாக விட்டால், பின்னால் பார்க்கிறவருக்கு வறட்சி எது, லீவு எது என்று தெரியாது.

நானே இதில் சறுக்கியவன். ஒரு கார்த்திகையில் வெள்ளிக்கிழமை அளந்தபின் திங்கள் காலைதான் பார்த்தேன். 36 மி.மீ. இருந்தது. காலிக் கட்டம் கண்ணை உறுத்த, மூன்று நாளுக்கும் 12, 12, 12 என்று பிரித்து எழுதிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், சனிக்கிழம பூரா நாங்க புஞ்சையில களை எடுத்தோம். பொட்டுத் தண்ணி விழலையே" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'மூன்று நாளுக்கும் சேர்த்து 36' என்று எழுத எனக்கு என்ன கேடு?

மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு: வீட்டுப் பெரியவர்கள் சொன்னது. 'உழவு மழை' என்பார்கள், 'புழுதிகூட அடங்கல' என்பார்கள். நம் கரிசலில் எத்தனை மில்லிமீட்டருக்கு உழவு மழை என்று பேர் கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகளே இரண்டு பருவத்தில் சொல்லிவிடுவார்கள்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பதையும் எழுதட்டும். ஆனால் தாழப் பறந்தும் மழை வராத நாளைச் சேர்த்து எழுத வேண்டும். வந்த நாளைத்தான் ஊரே ஞாபகம் வைத்திருக்கிறதே.

என் பழைய நோட்டு இரண்டை அடுத்த வாரம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அந்த 12, 12, 12ஐ நான் அடிக்கவில்லை. ஓரத்தில் அந்தப் பிள்ளை பென்சிலில் போட்ட கேள்விக்குறியும் அப்படியே இருக்கிறது. உன் பிள்ளைகளிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்