வளரும் பிள்ளையின் உடல் எடை: குறைப்பதா, நிறுத்துவதா?

உடம்பை இறைவன் உறையும் ஆலயம் என்பர் நம் ஆன்றோர். ஆலயத் திருப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கு வரவேண்டிய கல்லையும் சுண்ணாம்பையும் நிறுத்திவிட்டால் கோபுரம் எழும்புமா? எடையைக் குறைக்க வேண்டுமென்று வளரும் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும் இத்தகைய செயலே. பெற்றோர் இதனை உணர்ந்து நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டுப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை மாணவர்களுக்கு 'செகாக்' எனப்படும் உடல் தகுதிச் சோதனை நடத்தப்படுகிறது. அதில் உயரமும் எடையும் அளக்கப்பட்டு, உடல் நிறைக் குறியெண் கணக்கிடப்படுகிறது. 'பருமன்' என்ற முடிவோடு வீடு திரும்பும் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தோழிகள் சிரித்திருப்பார்கள். மறுநாள் காலையில் அவள் பசியாற மாட்டாள். இரவில் "வயிறு சரியில்லை" என்று சோற்றை ஒதுக்குவாள். "நல்லதுதான், கொஞ்சம் இளைக்கட்டும்" என்பார் தந்தை. "வளர்ற புள்ள, நல்லா சாப்பிடட்டும்" என்று தட்டை நிரப்புவார் பாட்டி. இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவர் வழியும் பிள்ளைக்கு உதவாது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை அன்று. சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய மூவர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, மலேசிய இந்தியர்களுள் வயது வந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. ஆகவே எடையைப் பொருட்படுத்தாமல் விடவும் கூடாது. அவசரப்பட்டுக் குறைக்கவும் கூடாது.

வளர்ச்சியின் கணக்கு

பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 10 முதல் 14 வயதுக்குள் வேகமாக உயர்வார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இவ்வேகம் ஈராண்டு தாமதமாக வரும். வாழ்நாள் முழுவதும் தாங்கப்போகும் எலும்பின் பெரும் பகுதி இப்பருவத்தில்தான் உறுதிப்படுகிறது. 10 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்பது மலேசியப் பரிந்துரை. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்தும் கூடுதலாக வேண்டும்.

இந்த வளர்ச்சியே நமக்குத் துணை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 13 வயதுச் சிறுவனின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. எடையை மீட்டர் அளவிலான உயரத்தால் இருமுறை வகுத்தால் 25.8 வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வயதுவாரி அளவுகோலின்படி இது உடற்பருமன். ஈராண்டில் அவன் 12 சென்டிமீட்டர் உயர்கிறான். எடையோ அதே 58 கிலோவில் நிற்கிறது. இப்போது குறியெண் 22.1. பதினைந்து வயதுக்கு இது நல்ல அளவு. ஒரு கிலோகூட இழக்காமலேயே அவன் கரை சேர்ந்துவிட்டான்!

எனவே வளரும் பிள்ளைகள் பலருக்கு முதல் இலக்கு எடையைக் குறைப்பது அன்று. அது ஏறாமல் பார்த்துக்கொள்வதே. பருமன் மிக அதிகமாக உள்ளவர்களும் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்தவர்களும் மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். அந்த அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்குரிய எடைப் பட்டியலைப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்ப்பதும் தவறு.

செய்யக்கூடாதவை

காலைப் பசியாறலை நிறுத்துவது, ஒரு வேளை மட்டும் உண்பது, சோறு முழுவதையும் விலக்குவது ஆகியவை வேண்டவே வேண்டாம். முதலில் எடை இறங்கும். பிறகு பசி தாளாமல் அதிகமாக உண்டு, இறங்கியது திரும்ப ஏறும். இடையில் தசையும் எலும்பும் நலிவடையும். படிப்பில் கவனம் சிதறும்.

'இளைக்க வைக்கும்' காப்பி, மாத்திரை, தேநீர் போன்றவற்றிடம் எச்சரிக்கை தேவை. இதயத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஆபத்து விளைவிப்பதால் 2010ஆம் ஆண்டில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இத்தகைய பொருள்கள் சிலவற்றில் ஒளித்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது.

தைப்பூசத்திற்கு விரதம் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. விரதம் இறைவனுக்காக, இளைப்பதற்காக அன்று. வளரும் பிள்ளை விரதம் இருந்தால் பால், தயிர், பருப்பு, கடலை, கீரை, பழம் ஆகியவை நாள்தோறும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டும் குவளையும்

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாழையிலைச் சாப்பாட்டைக் கவனியுங்கள். இலையின் நடுவே சோறு மலைபோல் இருக்கும். காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டி. இதனைச் சற்று மாற்றினால் போதும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையும் இதுவே. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தவு போன்றவை. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சோற்றை விலக்க வேண்டியதில்லை. அதன் இடம் குறைந்தால் போதும்.

குவளையில் ஒளிந்திருப்பது சீனி. டின் பாலில் ஏறத்தாழப் பாதி சீனியே. ஒரு நாளில் 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சீனியை 50 கிராமுக்குள், அதாவது சுமார் 12 தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டும். அதிலும் பாதியானால் மேலும் நன்று என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் தே தாரிக், பள்ளியில் சிராப் தண்ணீர், மாலையில் குளிர்பானம் என்றால் இந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். பிள்ளைக்கு மட்டும் வெறுந்தண்ணீர் கொடுத்துவிட்டுத் தந்தை தே தாரிக் குடித்தால் பயன் இல்லை. குடும்பம் முழுவதும் மாறினால்தான் பிள்ளை மாறும்.

அசைவும் உறக்கமும்

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும். பூப்பந்து, பரதம், சிலம்பம், சைக்கிள் எதுவாயினும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தித்திவாங்சா ஏரிப் பூங்காவிலோ பத்துமலையின் 272 படிகளிலோ குடும்பத்தோடு நடக்கலாம். இரவில் 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை. கண்விழித்துக் கைப்பேசி பார்க்கும் பிள்ளைக்கு மறுநாள் பசியும் இனிப்பு நாட்டமும் கூடும்.

மருத்துவரை நாடவேண்டிய நேரம்

பிள்ளையின் கழுத்தும் அக்குளும் கறுத்து வெல்வெட்டுப்போல் தடித்திருந்தால், அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். இரத்தச் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். பலத்த குறட்டை, இடுப்பு அல்லது முழங்கால் வலி, நொண்டி நடத்தல், ஓயாத தாகம் ஆகியவையும் எச்சரிக்கைகளே.

மறுபுறம், உணவை ஒளித்து வைத்தல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று வாந்தி எடுத்தல், மயக்கம், மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் கண்டிக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். "குண்டு" என்ற கேலிப்பெயரை வீட்டிலிருந்து அகற்றுங்கள். வெட்கப்பட்ட பிள்ளை ஒளிந்து உண்ணும்; அன்பு பெற்ற பிள்ளை சொன்னதைக் கேட்கும்.

நம் பங்கு

அன்னதானம் வழங்கும் நன்கொடையாளர்களுக்கும் ஓர் அன்பு வேண்டுகோள். பந்தியில் ஓர் இனிப்பைக் குறைத்து ஒரு காய்கறியையும் கீரையையும் கூட்டுங்கள். தண்ணீர்ப் பந்தலில் சிராப்புக்குப் பதில் நீர்மோரும் குடிநீரும் வழங்குங்கள். தருமத்தின் பலன் சிறிதும் குறையாது. நம் பிள்ளைகளின் ஆரோக்கியமும் அதில் சேரும்.

வளரும் பிள்ளைக்குத் தேவை பட்டினி அன்று, பொறுமை. உயரும் வயதில் உயரட்டும்; எடை தானே வழிக்கு வரும். எல்லாக் குழந்தைகளும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற கல்வியும் பெற்று ஓங்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!