விசையில் அரம் வைக்காதே, தம்பி

மாரி வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் மட்டக்களப்பு வெல்லாவெளியின் வயல் வட்டைகளில் இரவுக் காவல் தொடங்கிவிடும். ஆனையும் பன்றியும் இறங்கும். லைசன்ஸ் துவக்கு வைத்திருக்கும் தம்பிமார் அதை வெளியே எடுத்துத் துடைக்கையில், "அக்கா, விசை இறுக்கமாயிருக்கு, கொஞ்சம் அராவினால் லேசாகும்" என்பார்கள். அராவவே வேண்டாம்.

துவக்கின் குதிரை பின்னுக்கு இழுபட்டு நிற்பது ஒரு சின்னக் கொக்கி முனையில்தான். விசையை இழுத்தால் முனை விலகும், குதிரை போய் அடிக்கும். பல துவக்குகளில் இந்த இரும்பின் மேற்பரப்பை மட்டுமே கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தத் தோல் மெல்லியது. அரமோ அரத்தாளோ பட்டால் போய்விடும்; உள்ளிரும்பு வேகமாகத் தேயும், முனையின் கோணமும் மாறும். முதலில் விசை பஞ்சாக இருக்கும். மறுகா ஒரு நாள், பரணில் சாய்த்து வைத்த துவக்கு சரிந்து விழும்போது யாரும் தொடாமலே வெடிக்கும்.

சேஃப்டி போட்டிருக்கிறேனே என்று நம்பாதே. இரட்டைக்குழல் துவக்குகள் பலவற்றில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கும், குதிரையைத் தடுக்காது. கொக்கி தேய்ந்த துவக்கில் அது காவலே இல்லை. விசையின் அந்த இறுக்கம்தான் உன் காவல்.

இறுக்கம் புதிதாக வந்திருந்தால் பெரும்பாலும் அழுக்குத்தான்: வாவிக்காற்றின் ஈரம், பதர்த் தூசி, காய்ந்துபோன பழைய எண்ணெய். தோட்டாவைக் கழற்றி, குழலுக்குள் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, துணியால் துடை. தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகும். அதற்கும் சரிவராவிட்டால் லைசன்ஸ் உள்ள துவக்குக் கடைக்குக் கொண்டுபோ, வெல்டிங் கடைக்கு வேண்டாம்.

இன்னொன்று. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதே. குழலை ஆளில்லாப் பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறு. தோட்டா தாமதித்தும் வெடிக்கும்.

வரம்பில் வழுக்கும், வாய்க்கால் தாண்டவேண்டும், பரணில் ஏறவேண்டும். இந்த மூன்று இடத்திலும் தோட்டா வெளியே இருக்கட்டும். மோட்டார் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் அப்படியே.

ஆனைக்கு ஈயக்குண்டு போடாதே. அது உடனே சாகாது, புண் சீழ்கட்டி நாள்கணக்காய் வேதனைப்பட்டு, பிறகு யாரைக் கண்டாலும் திரும்பும். ஆனை 1937ஆம் ஆண்டு முதல் வனசீவராசிகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களம் தரும் ஆனை வெடியைக் கேட்டு வாங்கு, ஊரோடு சேர்ந்து மின்வேலிக்கு அடியில் புல் வெட்டு.

பன்றிக்கென்று கட்டுத்துவக்கு, அதாவது பாதையில் கட்டிய கயிறு இழுபட்டால் தானே வெடிக்கும் துவக்கு, வைக்க நினைப்பவனிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன். இழுகயிற்றுக்கு ஆள் தெரியாது. விறகுக்குப் போகிறவளும் மாடு தேடிப் போகிற பிள்ளையும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் நடப்பார்கள். கட்டுத்துவக்குச் செய்வதும் துவக்குச் செய்வதுதான்; 1916ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கட்டளைச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் துவக்குச் செய்வதே குற்றம். 1996இல் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள்.

காவல் முடிந்து விடிய வீட்டுக்கு வந்ததும் துவக்கை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வை. சாவிகள் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நித்திரை அதற்குப் பிறகு.