ஆரஞ்சு மாவட்டத்தின் மனமாற்றம்

கேள்வி: அமெரிக்கப் புறநகர்வாசிகள் குடியரசுக் கட்சியின் நிரந்தர ஆதரவாளர்கள் என்கிறார்களே, அது இன்றும் உண்மையா?

பதில்: இன்று உண்மையன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தெற்கே விரிந்துள்ள ஆரஞ்சு மாவட்டமே இதற்குத் தக்க திருஷ்டாந்தம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து எழுந்த வீட்டு வரிசைகளில், விமானத் தொழிற்சாலைகளின் ஊதியத்தை நம்பிக் குடியேறிய மத்தியதர வர்க்கத்தார், சொந்த வீட்டின்மீது விழும் வரியையும் கம்யூனிஸத்தையும் ஒருங்கே அஞ்சியவர்களாய் இருந்தமையும் ஒரு காரணமாக, 1936-இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்த அம்மாவட்டம், அதன்பின் எண்பது ஆண்டுகள் அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் எவருக்கும் பெரும்பான்மை அளித்ததில்லை. குடியரசுக் கட்சியின் ஜனாதிபதியாக விளங்கிய நிக்ஸன் பிறந்த யோர்பா லிண்டாவும் அங்கேதான் உள்ளது.

1975-இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்ததும் அம்மாவட்டத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் குடியேறிய வியட்நாமிய அகதிகள், தாம் இழந்த தேசத்தின் துயரத்தினாலேயே குடியரசுக் கட்சியின் பக்கம் சேர்ந்தனர். அவர்களுடைய வாக்கை வெறும் பழக்கமென்று கொள்வது பெரும் அநீதி. ஆனால் 1994-இல், உரிய அனுமதியின்றிக் குடியேறியோருக்குக் கல்வியையும் வைத்தியத்தையும் மறுக்க முயன்ற கலிஃபோர்னிய மாநிலத்தின் 187-ஆம் பிரேரணையை அக்கட்சித் தலைவர்கள் ஆதரித்தது, வளர்ந்துவந்த லத்தீன் அமெரிக்க வம்சத்தாரின் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. பட்டம் பெற்ற வெள்ளையர் பலரும் பின்னர் விலகவே, 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் அங்கு வென்றார். 2018-இல் அம்மாவட்டத்தைத் தொடும் காங்கிரஸ் தொகுதிகள் ஏழும் ஜனநாயகக் கட்சியின் வசமாயின.

ஆயினும் ஒரு கட்சியின் கோட்டை மற்றொன்றின் கோட்டையாகிவிட்டதென்று தாங்கள் முடிவு செய்யலாகாது: 2020-இலேயே அத்தொகுதிகளுள் இரண்டைக் குடியரசுக் கட்சி மீட்டுக்கொண்டது.