அரை டம்ளர் தண்ணி, ஒரு சின்ன பிரஷ்: ஷேவிங் செலவுக்கு ஒரு கணக்கு

கூமாப்பட்டின்னு சொன்னாலே இப்போ எல்லாருக்கும் 2025-ல வைரலான ரீல்ஸ்தான் ஞாபகம் வருது. எனக்கு அப்பா ஞாபகம்தான். காலையில திண்ணையில உட்கார்ந்து, தூண்ல சின்னக் கண்ணாடியை மாட்டி, அரை டம்ளர் தண்ணியில ஷேவ் பண்ணி முடிச்சிடுவார். பிரஷ் குட்டியா இருக்கும். "பெருசு வாங்குனா சோப்பை பிரஷ்தான் குடிக்கும், மூஞ்சிக்கு வராது"ன்னு சொல்வார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சித்தி பையன் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டினான். சென்னையில முதல் வேலை, கையில வர்றது 24,000. "அண்ணே, மாசாமாசம் மினிமம் டியூ கட்டுறேன். பாக்கி குறையவே மாட்டேங்குது."

பாக்கி 18,400 ரூபாய். வட்டி மாசம் 3.5 சதவீதம், அதாவது 644. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 116. ஆக 760 ரூபாய். அவன் கட்டுற மினிமம் டியூ 920. அசல்ல கழியறது வெறும் 160 ரூபாய்! பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் முதல் நாள்லேர்ந்தே வட்டி ஓடும்ங்கிறது வேற கதை.

அதே ஸ்டேட்மென்ட்ல ரேசர் கார்ட்ரிட்ஜும் ஃபோமும் அடிக்கடி வந்துச்சு. "அது சின்ன செலவுதானண்ணே"ன்னான். சரி, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்னேன்.

வாரத்துக்கு 5 ஷேவ், வருஷத்துக்கு 260. கார்ட்ரிட்ஜ் ஒண்ணு 150 ரூபாய், 10 ஷேவ் வரும்னு வெச்சா 26 கார்ட்ரிட்ஜ், 3,900. ஃபோம் டப்பா 200 ரூபாய், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னா 1,200. மொத்தம் 5,100.

இப்போ அப்பா வழி. ரெண்டு பக்கமும் வெட்டுற சாதா பிளேடு 3 ரூபாய், 4 ஷேவ் வரும். 65 பிளேடு, 195. கிரீம் டியூப் 80 ரூபாய், வருஷத்துக்கு நாலு, 320. பிரஷ் 150, ரேசர் 400. இது ரெண்டும் எங்க பாஷையில மூலதனச் செலவு. முழுசையும் ஒரே வருஷத்துல எழுதக் கூடாது. பிரஷ் 3 வருஷம், ரேசர் 10 வருஷம்னு பிரிச்சா வருஷத்துக்கு 50-ம் 40-ம். மொத்தம் 605. மிச்சம் 4,495, மாசம் சுமார் 375 ரூபாய். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை பாருங்க. தாடி வைக்கிற ஆளுங்க இந்தப் பகுதியைத் தாண்டிடலாம்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? சாதா பிளேடு எந்த கம்பெனியோடதா இருந்தாலும் எந்த ரேசர்லயும் பொருந்தும், அதனால போட்டி. கார்ட்ரிட்ஜ் அந்தந்த கைப்பிடிக்கு மட்டும்தான். "ரேசரைச் சும்மா கொடு, பிளேடுல சம்பாதி"ங்கிறதை ஜில்லெட் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சார்னு நிறைய பேர் சொல்வாங்க. அது சரியில்லை. 1904-ல பேடன்ட் வாங்கி, அது கையில இருந்த வரைக்கும் ரேசரையே 5 டாலருக்குத்தான் வித்தாங்க, அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. 1921-ல பேடன்ட் முடிஞ்சு மத்தவங்க உள்ளே வந்த சமயத்துலதான் ரேசர் விலை இறங்குச்சு.

அந்த அரை டம்ளர் தண்ணி அதே கம்பெனியைச் சறுக்க வெச்ச கதையும் உண்டு. 2002-ல நம்ம நாட்டுக்குன்னு வெக்டர்னு ஒரு ரேசர் விட்டாங்க. அமெரிக்காவுல எம்ஐடியில படிக்கிற இந்திய மாணவர்கள்கிட்ட கொடுத்து சோதிச்சிருந்தாங்க. அவங்களுக்குக் குழாயைத் திறந்தா தண்ணி கொட்டும். இங்கே கிண்ணத்துத் தண்ணியில முக்கி எடுத்தா முடி அடைச்சுக்கிச்சு. அப்புறம் ஊர் வீடுகளுக்கே வந்து பார்த்துட்டுப் போய், 2010-ல 15 ரூபாய்க்கு ஜில்லெட் கார்டு, 5 ரூபாய்க்கு அதோட பிளேடுன்னு கொண்டு வந்தாங்க. பிளேடுக்கு பயப்படுறவங்க அந்த மாதிரி மலிவு ரேசரோட பிரஷ்ஷைச் சேர்த்துக்கிட்டாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

செய்முறை சுலபம். பிரஷ்ஷை ஒரு நிமிஷம் தண்ணியில ஊறவெச்சு நல்லா உதறுங்க. நிலக்கடலை அளவு கிரீம் போதும். ஈரக் கன்னத்துலயே வட்டமா தேய்ங்க. நுரை காஞ்ச மாதிரி தெரிஞ்சா பிரஷ் நுனியை மட்டும் தண்ணியில தொட்டுக்கோங்க. சின்ன பிரஷ் தண்ணியைக் கொஞ்சமாத்தான் பிடிக்கும், அதனால கிரீம் நீர்த்துப் போகாது. ரேசரை அழுத்தவே கூடாது, அதோட எடையே போதும். முடிச்சதும் பிரஷ்ஷை அலசி, காத்தாட காய விடுங்க. நைலான் முடின்னா சீக்கிரம் காயும். பழைய பிளேடைக் குப்பையில அப்படியே போடாதீங்க, அள்ளுறவங்க கை கிழியும். ஒரு தகர டப்பாவுல சேர்த்து வைங்க.

ஒரு எச்சரிக்கை. யூடியூப்ல இதுக்குன்னே ஒரு உலகம் இருக்கு. பேட்ஜர் முடி பிரஷ், இறக்குமதி சோப்பு, அதுக்கு ஒரு மர ஸ்டாண்ட். தம்பி ரெண்டே நாள்ல 3,200 ரூபாய்க்கு கார்ட்டை ரொப்பி எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். "டேய், ஒன்பது மாச மிச்சத்தை இப்பவே செலவு பண்றியே"ன்னு கேட்டதும் எல்லாத்தையும் எடுத்துட்டான்.

இந்த 375-ஐ 12 சதவீத எஸ்ஐபியில போட்டா பத்து வருஷத்துல எவ்வளவுன்னு கேட்பீங்க. கார்டு பாக்கி இருக்கிறவங்களுக்கு நான் அந்தக் கணக்கைப் போட மாட்டேன். வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கிட்டே 12 சதவீதம் எதிர்பார்க்கிறது என்ன கணக்கு? அவன் 920-ஓட இந்த 375-ஐயும் சேர்த்து 1,295 கட்டினா அசல்ல 160-க்குப் பதிலா 535 கழியும். மினிமம் டியூ மாசாமாசம் குறைஞ்சாலும் 1,295-ஐக் குறைக்காதேன்னு சொல்லியிருக்கேன். சம்பளம் வந்த அன்னிக்கே அதைக் கட்டுற மாதிரி ஆட்டோ பே போட்டுக் கொடுத்தேன். மாசக் கடைசி வரைக்கும் விட்டா அது பிரியாணியா மாறிடும், எனக்குத் தெரியாதா!

போன வாரம் போன் பண்ணினான். தாடையில ரெண்டு இடத்துல வெட்டிக்கிட்டானாம். பாக்கி 16,000-க்குக் கீழே வந்துடுச்சாம்.