தும்மல் சீசன்: வீட்டு வைத்தியம் எதுவரை? டாக்டர் எப்போது?

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. வெயில் ஏறினால் கொஞ்சம் குறைகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. "பனி ஒத்துக்கல, சளி பிடிச்சிருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் மூன்று வாரமாகியும் போகவில்லை என்றால் அது சளியாக இருக்க வாய்ப்பு குறைவு. பருவகால ஒவ்வாமையாக, அதாவது அலர்ஜியாக இருக்கலாம்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அதே நேரம் வாட்ஸ்அப்பில் வரும் எல்லாக் குறிப்பும் பலன் தராது, சில ஆபத்தாகவும் முடியும். எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்று பார்ப்போம்.

சளியா, அலர்ஜியா?

• சளி என்றால் காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி கூடவே வரலாம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும்.

• அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. மூக்கு, கண், மேல்வாய் அரிக்கும். தெளிந்த நீராக ஒழுகும். வாரக்கணக்கில் நீடிக்கும். ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் திரும்ப வரும்.

நம்ம ஊரில் எது காரணம்?

மழைக்காலம் முடிந்ததும் காலி மனைகளிலும் சாலையோரங்களிலும் வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம் செடி மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மகரந்தம் மூக்கையும் தோலையும் பாதிக்கும். சீமைக் கருவேலம், சவுக்கு மரங்களின் மகரந்தமும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. மழை நாட்களில் ஈரச் சுவரில் படியும் பூஞ்சை இன்னொரு காரணம்.

மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்த காற்று தரையை ஒட்டியே தங்கிவிடும். புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் நாம் மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கும். போகியன்று பழைய டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். "பனிதான் காரணம்" என்று நாம் நினைப்பதில் பாதி, உண்மையில் அந்தப் பனியோடு சேர்ந்த புகையும் தூசியும்தான்.

வருஷம் முழுக்கத் தொல்லை என்றால் தலையணை, மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளைச் சந்தேகப்படுங்கள்.

முதல் வைத்தியம்: உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுதல்

யோகா பழகியவர்கள் இதை ஜலநேதி என்பார்கள். மூக்குக்குள் ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசியையும் வெளியேற்றுவதுதான் இதன் வேலை. இயற்கை முறைகளில் ஆய்வுகளும் ஓரளவு ஆதரிப்பது இதைத்தான். செலவும் இல்லை. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும்.

1. தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவிடுங்கள். பிறகு மூடி வைத்து, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிடுங்கள்.

2. ஒரு டம்ளர் தண்ணீருக்கு (சுமார் 240 மில்லி) அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அயோடின் சேர்க்காத உப்பு நல்லது, எரிச்சல் குறையும். மருந்துக் கடையில் இதற்கென்றே உப்புப் பொட்டலமும் பாட்டிலும் கிடைக்கும்.

3. வாஷ்பேசினில் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விடுங்கள். மேல் பக்க மூக்குத் துவாரத்தில் மெதுவாக ஊற்றினால் கீழ்ப் பக்கம் வழியாக வெளியே வரும். பிறகு மறுபக்கம்.

4. முடிந்ததும் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். அழுத்திச் சிந்தினால் காது வலிக்கும்.

5. பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவியதில், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. கேரளத்தில் 2024இல் சிலருக்கு வந்ததும் இதே வகை நோய்தான். கொதிக்கவைக்கும் ஒரு நிமிஷத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்கும், காது வலி உள்ளவர்களுக்கும், மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

வீட்டைச் சரிசெய்வதும் வைத்தியம்தான்

• தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்து, வெயிலில் காயவையுங்கள்.

• துடைப்பத்தால் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். ஒட்டடை அடிக்கும் வேலையை அலர்ஜி உள்ளவருக்குக் கொடுக்காதீர்கள்.

• கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாமே புகைதான். தும்முகிறவர் வீட்டில் இருந்தால் கொசுவலைக்கு மாறலாம்.

• வெளியே போய் வந்ததும் முகம், கை கழுவி உடை மாற்றுங்கள். பைக்கில் போகும்போது மாஸ்க் போடுங்கள்.

ஆவி, மஞ்சள் பால், தேன்: உண்மை என்ன?

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்ச நேரம் இளகும், அலர்ஜி தீராது. நொச்சி இலை, துளசி போட்டுப் பெரியவர்கள் பிடிக்கலாம். பாத்திரத்தைக் கட்டில்மேல் வைக்காமல் மேஜையில் வையுங்கள். குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்து இதில் அதிகம்.

மஞ்சள் பால், இஞ்சி, மிளகு கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம். அலர்ஜியைக் குணமாக்கும் என்று நம்பி, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உள்ளூர்த் தேன் தினமும் சாப்பிட்டால் மகரந்த அலர்ஜி போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

இதெல்லாம் வேண்டாம்

• குழந்தை மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

• கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் தடவாதீர்கள். கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரலாம்.

• மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை நாமாகவே நாள்கணக்கில் போடக்கூடாது. சில நாட்களுக்கு மேல் போனால் அடைப்பு இன்னும் அதிகமாகும்.

• லேபிளும் உரிம எண்ணும் இல்லாத 'மூலிகைப் பொடி'யை வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

உங்கள் செல்போன் எப்படி உதவும்?

தினமும் நாலு வரி குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தும்மல், எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த மருந்து எடுத்தீர்கள். இரண்டு வாரக் குறிப்பே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மருத்துவருக்கும் இது பெரிய உதவி.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 200ஐத் தாண்டினால் 'மோசம்' என்று பொருள். அன்று வாக்கிங்கை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மகரந்த அளவு இதில் வராது.

'இ-சஞ்சீவனி' சேவையில் உங்கள் செல்போன் எண்ணைப் பதிவுசெய்து, வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம். சித்த மருத்துவம் விரும்புகிறவர்கள் கடைச் சரக்கை நம்பாமல், பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மற்ற மருந்துகளையும் அங்கே சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதைதான். மூக்கில் அலர்ஜி உள்ள பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும். இரவில் இருமல், நெஞ்சில் 'விசில்' சத்தம், மாடி ஏறினால் இளைப்பு இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். "கஷாயம் குடிச்சிப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம், மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும்.

மூச்சுத் திணறி முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, முகமோ நாக்கோ வீங்குகிறது என்றால் உடனே 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

இன்று ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: 104, 108 இரண்டையும் வீட்டில் எல்லோருடைய போனிலும், முக்கியமாகத் தாத்தா பாட்டி போனில், பதிந்து கொடுங்கள்.