குட்டை மீன்களுக்குத் தரமான தீவனம்

தருமபுரி மாவட்டத்தில் மழைநீரைச் சேமிக்க வெட்டிய பண்ணைக் குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகிய மீன்களை வளர்த்து உபரி வருமானம் பெறலாம். இதில் ஆகும் செலவில் பெரும் பங்கு தீவனத்திற்கே போகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று கெட்டுப்போன தீவனத்தை வாங்கி இட்டால் மீன் வளராது. தின்னாத தீவனம் அடியில் அழுகி, நீரிலுள்ள பிராண வாயுவையும் குறைக்கும். கோடையில் நீர் வற்றும் குட்டையில் இது மீன்களின் உயிருக்கே ஆபத்தாகும்.

தேவையான சத்து

கெண்டை மீன்களின் தீவனத்தில் 25 முதல் 30 சதம் புரதம் இருப்பது நல்லது. கடலைப் பிண்ணாக்கில் சுமார் 40 சதமும், அரிசித் தவிட்டில் சுமார் 12 சதமும் புரதம் உண்டு. இரண்டையும் சம எடையில் கலந்தால் சுமார் 26 சதம் கிடைக்கும். தவிட்டை மட்டும் இட்டால் புரதம் போதாது.

பிண்ணாக்கு வாங்கும்போது

நம் மாவட்டத்தில் மானாவாரி நிலக்கடலை அதிகம். காய் முற்றும் பருவத்தில் வறட்சி தாக்கினாலும், அறுவடைக்குப் பின் காய்களைச் சரியாக உலர்த்தாவிட்டாலும் பூசணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது பிண்ணாக்கிலும் தங்கிவிடும். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு இத்தகைய கடலைப் பிண்ணாக்கே காரணம் எனக் கண்டறியப்பட்டது. மீன்களில் இந்நஞ்சு ஈரலைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுக்கும்.

பில்லையை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சை, கறுப்புத் திட்டுகளோ, முக்கல் வாடையோ, ஈரமோ இருந்தால் வாங்காதீர்கள். வெயிலில் உலர்த்தினாலும் வேக வைத்தாலும் நஞ்சு முழுவதும் நீங்காது. அத்தகைய பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கும் வைக்கக் கூடாது. நஞ்சு பாலில் இறங்கும்.

இலுப்பைப் பிண்ணாக்கு மீனுக்கு விஷம். குட்டையிலுள்ள களை மீன்களைக் கொல்லவே அதைப் பயன்படுத்துகிறோம். ஆகவே இலுப்பைப் பிண்ணாக்கு இருந்த சாக்கில் மீன் தீவனத்தை வைக்க வேண்டாம்.

தவிடும் ஆலைத் தீவனமும்

எண்ணெய் எடுக்காத தவிடு சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும். புதிதாக அரைத்ததையே வாங்குங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் கரகரப்பாகக் குத்தினால் உமி கலந்திருக்கிறது என அறியலாம்.

மிதவைத் தீவனம் வாங்கினால் மூட்டையில் புரத அளவையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். குருணையின் அளவு மீனின் வாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரு பிடியை நீரில் போட்டுப் பாருங்கள். உடனே கரைந்து நீர் கலங்கினால் அது நல்ல தீவனமன்று. சாதாக் கெண்டையின் வண்ண வகையான கோய் மீன் வளர்ப்போர், நிறம் மங்காதிருக்க, சுருள்பாசி சேர்ந்த தீவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

எவ்வளவு வாங்குவது?

குட்டையில் 250 கிராம் எடையுள்ள 400 மீன்கள் இருந்தால் மொத்த எடை 100 கிலோ. நாளொன்றுக்கு 2 சதம் வீதம் 2 கிலோ தீவனம் போதும். ஒரு மாதத்திற்கு 60 கிலோ ஆகிறது. அதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

விலையை ஒப்பிடும் முறை

எடுத்துக்காட்டாக, கிலோ 30 ரூபாய்த் தீவனத்தில் இரண்டரைக் கிலோ இட்டால்தான் மீன் ஒரு கிலோ கூடுகிறது என்றால் செலவு 75 ரூபாய். கிலோ 42 ரூபாய்த் தீவனத்தில் ஒன்றரைக் கிலோவே போதுமென்றால் செலவு 63 ரூபாய்தான். மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடை போட்டு, இட்ட தீவனத்தையும் குறித்து வந்தால், எது உண்மையில் மலிவான தீவனம் என்பதை உங்கள் குட்டையே காட்டிவிடும்.