மகாபொல விண்ணப்பமும் பெற்றோரும்

நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குச் செல்லும் பிள்ளைக்குச் சாப்பாடு இலவசமல்ல. இச்சுமையைக் குறைக்கவே 1981இல் சட்டமூலம் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் நிறுவப்பட்டது. அது கிடையாதோர் பர்சரி உதவிப்பணம் பெறலாம்.

இரண்டிற்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். இங்கேதான் பெற்றோர் தடுமாறுகின்றனர். கிராம அலுவலரிடம் வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டு, வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் தந்தையர் உளர். பிள்ளைக்குரியது இதனால் கைநழுவுகிறது. குறைத்துச் சொல்வதைக் கெட்டித்தனமாக எண்ணுவோரும் உண்டு. அது இன்னொரு ஏழைப் பிள்ளையின் பங்கு!

கடற்றொழிலாளிக்கு மாதச் சம்பளமில்லை. சோளகமும் வாடையும் ஒரே உழைப்பைத் தருவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள். பாடசாலை செல்லும் தம்பி தங்கையரைக் குறிப்பிட மறவாதீர்கள். அதிபரின் கடிதமும் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தாமல், ஓரிரவு வீட்டில் எல்லோரும் கூடியிருந்து நிரப்புங்கள்.